வல்லூறு என்று சொன்னேன்

ஒரு வேட்டைப் பறவையை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்லத் தெரிந்தவன் என்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு காலத்தில் எனக்குப் பேர் இருந்தது. அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் அப்படி ஒரு பைத்தியம் பிடித்திருக்கவில்லை, அவ்வளவுதான். போட்டிக்கு ஆளே இல்லாத பந்தயத்தில் ஓடி முதலில் வந்தவன் நான். ஆனால் முதலில் வந்தவனுக்குரிய திமிர் மட்டும் குறையில்லாமல் இருந்தது.

துறைமுகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. அறுபதுகளின் நடுவில், ஊருக்குத் திரும்பப் போகிற ஒரு வெளிநாட்டு மாலுமியிடமிருந்து பைனாகுலர் ஒன்று வாங்கினேன். ஒரு பக்கத்துக் கண்ணாடியில் மயிர் போலக் கீறல். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் பறவைப் புத்தகம் ஒன்றும் கிடைத்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் நான் நேராக எண்ணூர் ரயிலைப் பிடித்துவிடுவேன். "ஊர்ல இருக்கிறவங்க கோயில் முடிஞ்சு கறி வாங்கப் போறாங்க, இவரு காக்கா பாக்கப் போறாரு" என்று என் மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள். எனக்குக் காது கேட்கும்படிதான் சொல்வாள்.

எண்ணூர் கழிமுகத்தில் கொக்கும் நாரையும் உள்ளானும் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவை நின்று காட்டும். பொறுமையாகப் புத்தகத்தைப் புரட்டி, காலின் நிறம் பார்த்து, அலகின் வளைவு பார்த்து, பேர் கண்டுபிடித்துவிடலாம். வேட்டைப் பறவை அப்படி இல்லை. தலைக்கு மேலே நாலு விநாடி, அதுவும் வெயிலுக்கு எதிரே, கறுப்பு நிழலாக. குஞ்சுப் பருவத்தில் ஒரு உடுப்பு, வளர்ந்தபின் வேறு உடுப்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவில் அவ்வளவு வித்தியாசம். அதிலும் பெண்தான் பெரிசு. உப்பங்கழிக்கு மேல் தாழப் பறக்கும் பூனைப்பருந்துகளில் மட்டும் எனக்கு இரண்டு வருஷம் போயிற்று. வெளிர் சாம்பல் நிறத்தில் ஒன்று, இறக்கையில் கறுப்புக் கோடு போட்ட இன்னொன்று, இரண்டுக்கும் பெண் பறவை ஒரே மாதிரி பழுப்பு. அந்தப் பழுப்பைப் பார்த்து நான் எத்தனை தடவை தப்பாக எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தப்பு செய்தாலும் கேட்க ஆள் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதி மூடிவிட்டால் அது சரியானதாக ஆகிவிடும். அதுதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

என் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். திருவொற்றியூரில் ரயில் பாதைக்குக் கிழக்கே அவன் வீடு. மொட்டை மாடியில் பலகையும் கம்பிவலையும் வைத்து அவனே அடித்த புறாக் கூண்டு. ஹோமர் புறாக்கள். ரயிலில் கூடையில் வைத்து தூர ஊருக்கு அனுப்பி, அங்கே திறந்துவிட்டால் தானாக வீடு வந்து சேர்கிற ஜாதி. வடசென்னையில் அப்போது தெருவுக்கு ஒரு மாடியிலாவது அந்தக் கூண்டு இருக்கும். பந்தய நாளில் மாடிக்கு மாடி ஆட்கள் வடக்கே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

புறா வளர்ப்பவர்களுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று வல்லூறு, இன்னொன்று பைரி. இரண்டும் புறாவை அடிக்கும், ஆனால் அடிக்கிற விதம் வேறு. வல்லூறு மரத்துக்குள் மறைந்து உட்கார்ந்திருக்கும். புறா களைத்துப்போய்த் தாழ வந்து கூண்டில் இறங்குகிற நேரம் பார்த்து, கூரை மட்டத்தில் பாய்ந்து வந்து பிடிக்கும். பைரி உயரத்தில் இருந்து வருவது. வெட்ட வெளியில், ஆகாயத்தில், மேலே இருந்து கல் விழுவதுபோல விழுந்து அடிக்கும்.

அதனால் இரண்டுக்கும் எதிரெதிரான வைத்தியம். வல்லூறு பக்கத்தில் இருக்கிறதென்றால் புறாவை இறங்கவிடக் கூடாது. மூங்கில் கழியில் கட்டிய கறுப்புத் துணியைத் தூக்கி ஆட்டினால், பழக்கப்பட்ட புறா மறுபடி மேலே ஏறிச் சுற்றும். அதற்குள் கல்லெறிந்தோ பட்டாசு கொளுத்தியோ வல்லூறை விரட்டிவிடலாம். பைரி என்றால் கழியைத் தொடவே கூடாது. கம்பு தானியம் போட்ட தகர டப்பாவைக் குலுக்கவேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் புறா எங்கிருந்தாலும் இறக்கையை மடக்கிக்கொண்டு கூண்டுக்குள் விழும். கழியா டப்பாவா என்பதைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிவு செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் புறாவை நாமே தூக்கி எதிரியின் வாயில் வைத்த மாதிரி.

என் நண்பனிடம் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டை இருந்தது. அதன் அம்மாவும் அவன் கூண்டில் பிறந்தது, அம்மாவின் அம்மாவும் அங்கேதான். எட்டு ஒன்பது வருஷமாக ஜோடி பார்த்துச் சேர்த்து அவன் உண்டாக்கிய வழி அது. கூடூர், நெல்லூர் பந்தயங்களில் அது முதலாவதாக வந்திருந்தது. அந்த வருஷம் மாசி மாதம் பெஜவாடாவிலிருந்து, அதாவது விஜயவாடாவிலிருந்து, விடுகிற பெரிய பந்தயம். அதில் ஜெயிக்க வேண்டும் என்று அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மூன்று மாதமாகச் சினிமாவுக்குப் போகவில்லை, மச்சினன் கல்யாணத்துக்குக்கூடக் காலையில் போய் மத்தியானம் திரும்பிவிட்டான். கிரேனில் உட்கார்ந்து இரும்பு தூக்குகிறவனை யார் பார்க்கிறார்கள். பெஜவாடா பந்தயத்தில் ஜெயித்த புறாவுக்குச் சொந்தக்காரன் என்றால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நின்று பேசிவிட்டுப் போவார்கள். அது அவனுக்கு வேண்டியிருந்தது.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். அவன் வீட்டுக்கு வடக்கே ஒரு தொழிற்சாலையின் உயரமான தண்ணீர்த் தொட்டி. அதன் விளிம்பில் புதிதாக ஒரு வேட்டைப் பறவை வந்து உட்கார ஆரம்பித்தது. நண்பன் துறைமுகத்தில் என் மேசைக்கே வந்து சொன்னான். "நைனா, உன் கண்ணாடிய எடுத்துகினு வா. ஒண்ணு வந்துகீது. பைரின்னு நெனைக்கிறேன்."

அன்று சாயந்திரமே போனேன். மேற்கே இறங்கிய வெயில் கண்ணில் அடித்தது. தொட்டி விளிம்பில் பழுப்பாக, நெஞ்சில் கீற்றுக் கீற்றாகக் கோடு போட்ட ஓர் இளம் பறவை. இரண்டு காக்கைகள் அதைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. காக்கைக்குப் பக்கத்தில் அது சின்னதாகத் தெரிந்தது. பைரி காக்கையைவிடப் பெரிசு என்று புத்தகம் படித்த எனக்குத் தெரியும். வல்லூறின் குஞ்சுக்கும் நெஞ்சில் இப்படித்தான் பழுப்புக் கீற்று இருக்கும்.

"வல்லூறுடா" என்றேன். பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

அவன் தொட்டியைப் பார்க்கவில்லை. தன் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வல்லூறா இருந்தா பசங்க மேல ஏறிடும் நைனா. அதுக்கு மேலேர்ந்து அடிக்கத் தெரியாதுன்னு இதுங்களுக்குத் தெரியும். இது வந்ததுலேர்ந்து ஒண்ணும் மேல போவல. கூரைய ஒட்டிக்கினே சுத்துது. மேல போவப் பயப்படுது."

புறாவைப் பார்த்துப் பருந்தைக் கண்டுபிடிப்பது. அவனுக்கு அதுதான் வழி, அவன் அப்பனுக்கும் அதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். கண்ணாடி வைத்துப் பறவையையே பார்க்கிறவன் சொல்வது சரியா, எதிரில் பயந்துபோய் இருக்கும் புறாவின் முகத்தைப் பார்க்கிறவன் சொல்வது சரியா என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். வல்லூறு இப்படி வெட்டவெளியில் தொட்டிமேல் வந்து உட்காராதே என்று மட்டும் முனகினான். மரமெல்லாம் வெட்டிவிட்டார்கள், வேறு எங்கே உட்காரும் என்று அதற்கும் என்னிடம் பதில் இருந்தது.

விஷயம் தேரடிப் பக்கத்து டீக்கடைக்குப் போய்விட்டது. புறாக்காரர்கள் கூடுகிற இடம் அது. பந்தயத்துக்கு ஒரு வாரம் இருந்தது. நான் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு போனேன். படத்தைத் திறந்து பெஞ்சில் வைத்து, இது வல்லூறு, இது பைரி, தொண்டை நடுவில் ஒற்றைக் கோடு இருந்தால் வல்லூறு, கன்னத்தில் மீசை மாதிரிக் கறுப்பு இறங்கினால் பைரி, வல்லூறுக்கு இறக்கை குட்டையாக உருண்டையாக, வால் நீளம், பைரிக்கு இறக்கை நீளமாகக் கூராக, வால் குட்டை என்று வாத்தியார் மாதிரிப் பாடம் நடத்தினேன். நான் சொன்னதெல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. தொட்டிமேல் இருந்த பறவையிடம் இவற்றில் எதையும் நான் பார்க்கவில்லை என்பதுதான் குறை. அளவை மட்டும்தான் பார்த்தேன். தூரத்தில் அளவை நம்புகிறவன் ஏமாறுவான் என்று அந்தப் புத்தகத்திலேயே முதல் பக்கங்களில் எழுதியிருந்தது.

மீன் ஏலத்தில் வேலை செய்கிற ஒரு புறாக்காரர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார். "புஸ்தகத்த பாத்து நீச்சல் கத்துக்கினவன் கதையா கீதுபா. கூண்டுக்காரன் சொல்றான் பைரின்னு. அத உட்டுட்டு, கிளார்க்கு சார் இன்னா சொல்றாருன்னு கேக்கணுமா?"

கடை முழுக்கச் சிரித்தது. என் காது சூடாகிவிட்டது. அப்போது என் நண்பன் எழுந்து நின்றான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பொறுக்க முடியவில்லை. "சார் கண்ணாடில பாத்துட்டு சொல்றாரு. நம்ம வெறுங்கண்ணுல பாத்துட்டு ஒளர்றோம். வல்லூறுன்னா வல்லூறுதான். இதுல இன்னா சிரிப்பு?" என்றான். எங்களுக்குள் நைனா என்று கூப்பிடுகிறவன், அவர்கள் எதிரில் சார் என்றான். அவனுக்குத் தெரிந்ததை அவன் எனக்காக விட்டுக்கொடுத்தான். நான் அதை அவன் தோற்றுப்போனதாக எடுத்துக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்து, வெற்றிக் களிப்பில் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். பைரியைப் பற்றிய பக்கத்தில், நான் எப்போதும் தாண்டிப் போகிற இரண்டாம் பத்தியில், ஆண் பறவை பெண்ணைவிட மூன்றில் ஒரு பங்கு சிறியது என்று இருந்தது. அந்த வரியை விரலால் தொட்டு இரண்டு தடவை படித்தேன். அந்தச் சின்னப் பைரியும் காக்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் எது பெரிசு என்று சொல்வது கஷ்டம். போய் இன்னொரு தடவை, காலை வெளிச்சத்தில், கன்னத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தால் முடிந்திருக்கும். திருவொற்றியூர் எனக்கு ரயிலில் கால்மணி நேரம். ஆறு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். நிஜமான காரணம், போனால் பைரியாக இருந்துவிடுமோ என்பதுதான்.

பந்தய ஞாயிறு வந்தது. பூசைக்குப் போகாமல் காலையிலேயே அவன் வீட்டுக்குப் போய்விட்டேன். நண்பனின் மனைவி இட்லி வைத்துக் கொடுத்து, "அண்ணே, நீங்க மேல போய்ப் பாத்துக்குங்க, அவரு கண்ணு ரெண்டும் வடக்கால நட்டுகினு கீது" என்றாள். கூண்டில் அந்தப் பெட்டையின் பத்து நாள் குஞ்சுகள் இரண்டு, மயிர் முளைத்தும் முளைக்காமலும், கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. குஞ்சு இருக்கிற பெட்டை வேறு எங்கும் இறங்காமல் வேகமாக வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் அந்தச் சமயத்தில் முட்டை வைக்கவிட்டிருந்தான். ஆண் புறா அவற்றை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பந்தயத்தில் புறா இல்லாத இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள். அதில் ஒருவர் டீக்கடையில் என்னைக் கிண்டல் செய்த மீன் ஏலக்காரர். அவரைப் பார்த்ததும் எனக்கு உடம்பு விறைத்துக்கொண்டது.

மத்தியானம் ஆயிற்று. கடல்காற்று கிளம்பியது. கறுப்புத் துணி கட்டிய கழி கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தது. தகர டப்பா கூண்டின் வாசலில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவன் நின்றான். பைனாகுலரோடு தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பது என் வேலை. அது அங்கேதான் உட்கார்ந்திருந்தது, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவன் "வந்துட்டா" என்றான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பனைமரங்களுக்கு மேலே ஒரு புள்ளி, பிறகு இறக்கை அடிப்பது தெரிந்தது. வேறெந்த மாடியிலும் இன்னும் டப்பாச் சத்தம் கேட்கவில்லை. அதுதான் முதல் புறா.

அந்த நேரம் தொட்டி விளிம்பில் இருந்தது எழும்பியது.

"நைனா, கிளம்பிடுச்சா?"

"கிளம்பிடுச்சு."

"இன்னா அது? சொல்லு. வல்லூறுதான?"

பைனாகுலருக்குள் அது முழுசாக இருந்தது. வெயில் அதன் மேல் விழுந்தது. இறக்கை நீளமாக, நுனி கூராக, கதிர் அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. வால் குட்டை. மரத்தைப் பார்த்துப் போகவில்லை. அகலமாக ஒரு வட்டம் போட்டு மேலே, மேலே ஏறிக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பியபோது கன்னத்தில் மீசை இறங்கியிருந்தது. ஆறு நாளாக நான் பார்க்காமல் தப்பித்த அத்தனையும் ஒரே நேரத்தில் என் கண் எதிரே இருந்தது. சந்தேகமே இல்லை.

எனக்குப் பின்னால் மீன் ஏலக்காரர் மூச்சு விடுவது கேட்டது.

"வல்லூறுதான்" என்றேன்.

அவன் கழியைத் தூக்கினான். பெட்டை அப்போது மாடிக்கு நேர் மேலே வந்து இறக்கையை மடக்க ஆரம்பித்திருந்தது. ஏழு மணி நேரம் பறந்து வந்தது. கறுப்புத் துணியைப் பார்த்ததும், பழக்கிய பழக்கப்படி, இறங்காமல் மறுபடி இறக்கையை அடித்து ஏறியது. அது ஏறிப்போவதை நான் பார்த்தேன். டப்பா, டப்பா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அருள் நிறைந்த மரியே ஜெபத்தைப் பாதி சொல்கிற அளவு நேரம். நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி நின்றேன்.

மேலே இருந்து அது விழுந்தது. ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம். புறாவைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் தாழப் போயிற்று. கொஞ்சம் மயிர் காற்றில் மிதந்து வந்து, பக்கத்து வீட்டில் காய்ந்துகொண்டிருந்த வத்தல்மேல் விழுந்தது.

அவன் கழியை இறக்கிச் சுவரில் சாய்த்தான். கீழே விழாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறவன் மாதிரிக் கேட்டான். "வல்லூறு இப்பிடி மேலேர்ந்து அடிக்குமா நைனா? நான் பாத்ததே இல்லியே."

இதற்கு முன்னால் சொன்னதையாவது பதட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த இரண்டு பேர் நின்றிருந்ததால் வாய் குளறிவிட்டது என்று சொல்லலாம். இதற்கு அப்படி எந்தச் சாக்கும் கிடையாது. நான் யோசித்துத்தான் சொன்னேன். "எப்பவாவது அடிக்கும்டா. அபூர்வமா."

"நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றான். "கொஞ்சம் நிதானமா பாத்துட்டு தூக்கியிருக்கணும்." மீன் ஏலக்காரர் அவன் தோளில் கை வைத்தார். என்னை அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், அவரும் நம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அதில் மட்டும் எனக்குப் பொய் எழுத வரவில்லை. பைரி, ஆண், இளம் பறவை, மத்தியானம், திருவொற்றியூர் என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் பைரி அது. அப்படிப் புதிதாகப் பார்க்கிற ஒவ்வொரு பறவைக்கும் ஓரத்தில் சிவப்பு மையில் நட்சத்திரம் போடுவது என் வழக்கம். அன்றும் போட்டேன். போட்டுவிட்டு, என்ன மனுஷன் நான் என்று உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த நட்சத்திரத்தை அடிக்கவில்லை.

அந்தத் தவக்காலத்தில், செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியாரிடம் சொன்னேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம், எனக்குப் பின்னால் முப்பது பேர் வரிசையில். ஒரு புறா விஷயத்தில் பொய் சொன்னேன் என்று ஆரம்பித்தேன். "யாருடைய புறா?" என்றார். சொன்னேன். "திருடினாயா?" இல்லை என்றேன். பருந்து பிடித்தது என்றதும் வலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. சிரிப்பை அடக்கினாரோ, பசியோ, தெரியாது. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். அங்கேயே முழங்காலிட்டுச் சொல்லி முடித்தேன். மன்னிக்க வேண்டியவர் அவர் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். மன்னிக்க வேண்டியவன் திருவொற்றியூரில் அந்த நேரம் தாயில்லாத இரண்டு குஞ்சுகளுக்கு ஊறவைத்த பயறை ஒவ்வொன்றாக ஊட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அவன் வீடு தெரியாதா. ரயில் ஓடாமல் நின்றுவிட்டதா.

குஞ்சுகள் பிழைத்தன. ஆனால் அவற்றை அவன் பெரிய பந்தயத்துக்கு அனுப்பவில்லை. பெஜவாடா பேச்சை அவன் எடுக்கவே இல்லை. எங்கள் சிநேகம் மட்டும் எப்போதும்போல இருந்தது. ஒன்றாகத்தான் ரயிலில் போவோம், வருவோம். அவன் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அவன் என்மேல் கோபப்பட்டிருந்தால் நான் ஒரு நாள் சண்டை போட்டாவது உண்மையைச் சொல்லியிருப்பேன். அவன் கோபப்படவில்லை. அதனால் சொல்ல நேரமே வரவில்லை என்று ஏழெட்டு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் சாயந்திரம் அதே டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். என் நண்பனுக்குத் தலை நரைத்துவிட்டது. புறாக்காரர்கள் நடுவில் அவன் சொல்லுக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. எண்ணூர் அனல்மின் நிலையத்தில் வேலை செய்கிற எலெக்ட்ரீஷியன் ஒருவர், மூன்று பெண்களுக்குத் தகப்பன், அவனிடம் யோசனை கேட்க வந்திருந்தார். வரும் ஞாயிறு பந்தயத்தில் அவருடைய புறாக்கள் மூன்று பறக்கின்றன. அவர் வீட்டுப் பக்கத்துப் புகைபோக்கியில் சின்னதாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறதாம்.

"பசங்க மேல போவ மாட்டேங்குதுண்ணே. கூரையோடவே சுத்துது. பைரியா இருக்குமோன்னு பேஜாரா கீது."

என் நண்பன் டீ கிளாசைக் கீழே வைத்தான். "நானும் ஒரு காலத்துல அப்பிடித்தான் நெனச்சிகினு இருந்தேன். புறாவ பாத்து சொல்றதெல்லாம் நம்பாதே. சின்னதுன்னு சொல்றியே, அப்போ வல்லூறு அது. வல்லூறும் மேலேர்ந்து அடிக்கும்பா. என் கண்ணால பாத்துக்கீறேன். நீ கழிய ரெடியா வெச்சிக்க, மொதல்லயே ஆட்டிடாதே, பசங்க எறங்க வர்றப்ப ஆட்டி, அது மரத்துக்குள்ள போற வரைக்கும் பசங்கள மேலயே நிறுத்து."

அப்பன் காலத்திலிருந்து அவனுக்குத் தெரிந்திருந்த ஒரு நிஜம், நான் சொன்ன ஒரு வார்த்தையால் அவனிடமிருந்து போயிருந்தது. அது போய்விட்டது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. அனுபவம் என்று நினைத்து அதை ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். இன்னும் எத்தனை பேரிடம் இதே மாதிரிச் சொல்லியிருப்பான் என்று கணக்குப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

எலெக்ட்ரீஷியனுக்கு முழுத் திருப்தி இல்லை. என்னைப் பார்த்தார். "சார் புஸ்தகம்லாம் படிச்சவரு. இன்னா சார், அப்பிடித்தானே?"

என் நண்பனும் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது; எனக்கு இப்படி ஒரு தோஸ்து இருக்கிறான் என்கிற பெருமை. இத்தனை பேர் எதிரில் அதை நான் எப்படி உடைப்பேன் என்று யோசித்தேன். யோசித்தது அவனுக்காக இல்லை. அதையும் இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

"அப்பிடித்தான்" என்றேன்.

அந்த ஞாயிறு எலெக்ட்ரீஷியனின் மூன்று புறாக்களில் ஒன்று மட்டும் கூண்டு சேர்ந்தது. மற்ற இரண்டும் அவர் வீட்டு மாடிக்கு மேலேயே, அவர் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டன. அன்று சாயந்திரமே செய்தி கேட்டு என் நண்பன் ஆறுதல் சொல்லக் கிளம்பினான். முதலில் ராயபுரத்தில் என் வீட்டுக்கு வந்து என்னையும் கூப்பிட்டான். ஆபீசில் அவசர வேலை இருக்கிறது, நீ போய் வா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ன ஆபீஸ் என்று அவன் கேட்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தனியாகப் போனான்.